ரிவர்ஸ்டனில் ஒரு வெள்ளைக் கார்

மாத்தளைத் துணிக்கடைக்காரர் ஒருவர் தமது வெள்ளைக் காரில் என்னை ரிவர்ஸ்டன் மலைக்கு அழைத்துப்போனார். தினமும் கடைக்கு ஓட்டுகிற கார்தான். ஆனால் சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் துடைத்தார்.

மேலே போனதும் பனிமூட்டத்தில் காரைப் படமெடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கார மறைக்கிறீங்க."

புல்லுக்குள் தள்ளி நின்றேன். காலில் அட்டை கடித்துவிட்டது. பதறி ஓடிவந்தவர், டிக்கியிலிருந்த உப்பைப் போட்டு அதை எடுத்தார்.

"ரத்தம் நின்னுடுச்சா?"

அந்தக் கரிசனையில் நெகிழ்ந்துபோனேன். "இன்னும் இல்லைங்க."

"நின்ன பொறகு ஏறுங்க."

மழை பிடித்துக்கொண்டது. அவரும் என்னோடு நின்று நனைந்தார்.

"நீங்களாவது உள்ள உக்காருங்களேன்."

"ஈர உடுப்போடயா?" என்றார், நான் ஏதோ பெரும்பாவம் செய்யச் சொல்லிவிட்டதுபோல.