சக்கரத்துக்குப் பதிலாகக் கத்திய மனிதர்

ஷாங்காயில் எங்கள் சந்துக்காரர்கள் யாரும் கடிகாரம் வைத்துக்கொண்டதில்லை. யான் சீகுயின் வண்டிச் சத்தமே போதும். நடுவில் ஒற்றைச் சக்கரம், இரு பக்கமும் பலகை. பக்கத்துக்கு மூன்று பெண்களாக உட்காரவைத்து, தினமும் விடிகாலையில் இங்கிலாந்துக்காரரின் பஞ்சாலைக்குத் தள்ளிக்கொண்டு போவார். என் அக்கா ஜூயிங் அதில் ஒருத்தி. அச்சு கிறீச்சிடுவது கேட்டதும் எழுந்து, பழைய சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு ஓடுவாள்.

எங்கள் பகுதியில் வெள்ளைக்காரர் சட்டம்தான். அவர்கள் தூக்கம் கெடுகிறதாம்; கிறீச்சிடும் வண்டிகளைப் பறிமுதல் செய்வோம் என்று அறிவித்தார்கள். சீகுய் அண்ணன் அச்சுக்குப் பன்றிக்கொழுப்பு தடவினார்.

"என் பொண்டாட்டி வாணலிக்கே காட்டாத கொழுப்பு. இந்தச் சக்கரம் தின்னுது பாரு தம்பி!"

மறுநாள் அவர் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. வண்டியை விட்டுப் போய்க் கதவு தட்டவும் அவரால் முடியாது. ஆளில்லாத வண்டியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். சங்கு ஊதிய பிறகு ஓடிய அக்காவின் முகத்துக்கு நேரே ஆலைக் கதவைச் சாத்தினார்கள்.

"இன்னொரு நாள் பிந்தினே, உன் இடத்துல வேற பொண்ணு நிப்பா" என்றான் மேஸ்திரி. நான் பள்ளியை விட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் சம்பளம்தான் சோறு.

"இன்னிக்குத் தூங்கவே மாட்டேன்" என்ற அக்கா, அன்றைய கூலிக்காக நாளெல்லாம் வேறு வேலை தேடி அலைந்த களைப்பில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நானும்தான்.

விடிகாலையில் அதே கிறீச்!

"ஐயோ, கொழுப்பு தீந்துபோச்சா?" என்று அக்கா ஓடினாள். நானும் பின்னால் போனேன். சக்கரம் வாய் திறக்கவில்லை. கத்தியது சீகுய் அண்ணன். தொண்டையை இறுக்கி, மூக்கால் இழுத்து, அச்சு அசலாக.

ஆறு பேரும் ஏறிக்கொண்டார்கள். "அண்ணே, மேட்டுல இன்னும் கொஞ்சம் இழுக்கணும்!"

"சிரிக்காதீங்கடி, வண்டி சாயுது!"

முனையில் சிவப்புத் தலைப்பாகை போலீஸ்காரர் மறித்தார். வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சீக்கியர். குனிந்து பார்த்து, "தள்ளு" என்றார். சத்தமே இல்லை.

"இப்போ கத்திச்சே?"

"நான்தாங்க கத்தினேன். வண்டி கத்தக் கூடாதுன்னுதானே சட்டம்? மனுஷன் கத்தினா?"

"எங்க, கத்து பாப்போம்."

கத்தினார். போலீஸ்காரரின் தாடி குலுங்கியது. "போ, போ!"

சங்குக்கு முன்பே அக்கா உள்ளே போய்விட்டாள்.

எங்கள் ஊரில் எந்த ஓசை எழலாம் என்பதைக் கடல் தாண்டி வந்தவர்கள் முடிவு செய்தார்கள். கூட்டங்களில் அதைப் பற்றிக் கோபமாகப் பேசியவர்களை எனக்குத் தெரியும், நானும் பேசியிருக்கிறேன். எங்களில் யாரும் அக்காவை எழுப்பவில்லை. அவர் எழுப்பினார்.

குளிர்காலத்தில் ஒருநாள், எங்கள் வாசலில் ஒருமுறை கத்தியதோடு அவர் தொண்டை கட்டிவிட்டது. மற்ற ஐவரும் இன்னும் தூக்கத்தில். அக்கா ஒரு பலகையிலும், எடைக்கு வைத்த கல் மறு பலகையிலுமாக வண்டி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த சந்திலிருந்து கிறீச்சென்று கேட்டது.

அது என் அக்காவின் குரல்.