நான் காப்பாற்றிய சகன்

எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் ஆட்களை எண்ணுவதில்லை, சகனைத்தான் எண்ணுவார்கள். "எத்தனை பேர் வாறாங்க?" என்று கேட்பவன் வெளியூர்க்காரன். "எத்தனை சகன்?" என்று கேட்பவன் உள்ளூர்க்காரன். சகன் என்பது ஓர் ஆட்டுக்குட்டியை உள்ளே நிறுத்திக் குளிப்பாட்டக்கூடிய அளவுக்குப் பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோற்றை அதில் குவித்து, இறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சுற்றிவர வைத்து, ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் எல்லை. அடுத்தவர் எல்லையில் கிடக்கும் துண்டுக்குக் கை நீட்டுவது மரியாதையில்லை, கண்ணை நீட்டலாம். கடைசியாக எருமைத் தயிரை நடுவில் கவிழ்த்து, வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசையும்போது எல்லையெல்லாம் தானாக அழிந்துவிடும். அந்தக் கட்டத்துக்காகவே நான் பல கலியாணங்களுக்கு அழைப்பில்லாமல் போயிருக்கிறேன்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமையும் என் கையில் ஒரு சகன் இருந்தது.

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. முதல் நாள் பக்கத்து வீட்டில் சுன்னத்துக் கலியாணம். எங்கள் சகனை இரவல் வாங்கியிருந்தார்கள். திரும்பி வந்த சகனில் நெய் படிந்திருக்கவே, காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. உம்மா மாவடிப்பள்ளியில் தன் தங்கை, எங்கள் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும். கத்தல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஒன்றும் நினைவில்லை. ஒரு கையில் தங்கச்சி, மறு கையில் சகன். வயல் பக்கமாக ஓடினோம்.

எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், திரும்பி வராதவர்கள் பலர். அதைச் சொல்லிச் சிரிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. அதனால் அந்த இடத்தைத் தலை குனிந்து தாண்டிப் போகிறேன்.

மாவடிப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். வயல்காரர்கள் கிடாரத்தில் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். சோறு இருந்தது, பருப்புக் கறி இருந்தது, தட்டு இல்லை. ஓடி வந்தவர்களிடம் தேடிப் பார்த்ததில் என் சகன் மட்டும்தான் அகப்பட்டது. ஆறு ஆறு பேராக அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுன்னத்து வீட்டுக்கு மருதமுனையிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண்மணி, கைத்தறி நெய்கிறவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் மனே, ஆக்கள் பொன்னத் தூக்கிட்டு ஓடுறாங்க, காணி உறுதியத் தூக்கிட்டு ஓடுறாங்க. நீ சகனத் தூக்கிட்டு ஓடியாந்திரிக்காய். கடலுக்குச் சோறு போடப் போனயா?"

அழுதுகொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்கு விலையாக எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள், பின்வரிசையிலிருந்து "சகன் சேர்" என்று ஒரு குரலும் சேர்ந்து வந்தது. நானும் விடுவேனா? "ஓம், சகன்தான். ஆனா மத்தக் கையால தங்கச்சியக் காப்பாத்தினவன்" என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த ஓட்டம் நீளமாகியது. தங்கச்சியின் பாரமும் கூடியது.

உண்மையான பாரம் பிறகுதான் வந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். உம்மா தங்கச்சிக்கென்று வைத்திருந்த வீட்டைத்தான் கடல் கொண்டுபோனது. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்து எங்கே குந்துவது? தங்கச்சி கரைசேராமல் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, கலியாணம் செய்வதும் வழக்கமில்லை. ஆகவே இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒரு வீட்டில் தொங்கியது.

கடலிலிருந்து தள்ளி ஒரு துண்டு காணி கிடைத்தது. வருடக் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். மேசன் வராத நாட்களில் நானே கரண்டியைப் பிடித்தேன். அங்கேதான் பிழை வந்தது. கூரை ஏறிய பிறகு கதவு போட வந்த தச்சன் முன்வாசல் நிலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி நிலையைப் பார்த்தான்.

"சேர், இதாரு கட்டின?"

"நான்தான்."

"பிள்ளைகளுக்குச் செங்கோணம் படிப்பிக்கிறதும் நீங்கதானா?"

கதவு போடாமலே போய்விட்டான். அவனுக்குப் பின் வந்த இருவரும் அப்படித்தான். உம்மா தன் பழைய சாரியொன்றை வாசலில் தொங்கவிட்டார். அதுவே எங்கள் கதவாயிற்று.

நாட்டில் போர் முடிந்த சில வாரங்களில்தான் தங்கச்சிக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. கடைத்தெருவில் வெடி கொளுத்தினால் முதலில் குனிந்துவிட்டுப் பிறகு சிரித்துக்கொண்டிருந்த காலம். மருதமுனைப் பையன், நல்ல பிள்ளை, தறி வைத்திருக்கிறான் என்று வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, வந்து சொன்னார். பையனுடைய உம்மா யார் என்று கேட்டேன். மாமி அடையாளம் சொல்லச் சொல்ல எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. கடல் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் என்னை மேலும் கீழும் பார்த்த அதே பெண்மணி.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட ஊடு பாக்க வாறாங்களாம். ஆறு பொம்புளையள்" என்றார் மாமி. "ஊடு புடிச்சாத்தான் மத்தக் கதையாம். மறுகா, தயிர் தம்பிலுவில் எருமத் தயிரா இருந்தா நல்லமாம்."

நூல் ஒன்று விலகினாலும் கண்டுபிடிக்கிற தறிக்காரி, என் சுவரைப் பார்க்க வருகிறார். தயிரிலாவது நேராக நிற்க வேண்டுமென்று முடிவு செய்தேன். போர்க் காலத்தில் மேய்ச்சல் தரைக்குப் போகப் பயந்து பட்டிக்காரர்கள் எருமைகளைக் குறைத்திருந்தார்கள். தம்பிலுவில் தயிரை நாங்கள் கண்ணால் கண்டே நாளாகியிருந்தது. இப்போது மீண்டும் சட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. நல்ல தயிருக்கு ஒரு சோதனை உண்டு. சட்டியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டும் விழக்கூடாது. அந்தப் பெண்மணி எங்கே போனாலும் சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார் என்று மாமி எச்சரித்திருந்தார்.

ஆறு பேருக்கு ஒரு சகன். ஆனால் எங்கள் சகனை வைத்தால் மானம் போகும். அதை அடுப்படியில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கூட்டாளி ஒருவனிடம் பளபளவென்று புதுச் சகனொன்றை இரவல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் தம்பிலுவிலுக்குப் போனேன்.

தயிர் போடுகிற அக்கா சட்டியொன்றின் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "தம்பி, ராத்திரிப் பால் பிந்தித்தான் வந்தது. இன்னும் இறுகல்ல. மத்தியானம் வாங்களன்."

"மத்தியானம் ஊட்ட ஆக்கள் வந்திருவாங்க அக்கா. ரெண்டு சட்டி தாங்க, நான் பக்குவமாக் கொண்டு போறன்."

"இதுல ஏத்தியா?" மோட்டார் சைக்கிளைக் காட்டிச் சிரித்தார். "இறுகாத தயிரும் பச்சப் புள்ளயும் ஒண்டு. குலுக்கினா முடிஞ்சுது. நடந்து போறதெண்டாத் தாறன்."

"ஓம் அக்கா, தள்ளிட்டே போறன்" என்று வாக்குக் கொடுத்தேன். ஒழுங்கை திரும்பும் முடக்குவரை தள்ளினேன். அக்காவின் கண் மறைந்ததும் ஏறி உட்கார்ந்தேன். போர் முடிந்த உற்சாகத்தில் வீதியை அகலமாக்குகிறோமென்று வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அக்கரைப்பற்று வரை சட்டிகள் மௌனமாக இருந்தன. நிந்தவூரில் 'களக், களக்' என்று பேசத் தொடங்கின. காரைதீவு தாண்டும்போது பாட்டே படித்தன.

ஜும்ஆ முடிந்தது. வாகனம் வந்து நின்றது. நான் கணக்குப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு பேர் இறங்கினார்கள். ஏழாவது ஆள், பையனின் சாச்சி, வழியில் ஏறிக்கொண்டவராம்.

ஆறு பேருக்கு ஒரு சகன் என்றால் ஏழு பேருக்கு எத்தனை சகன்? கணித ஆசிரியர் வாயைப் பிளந்து நின்றார். ஒருவரை மட்டும் தனித் தட்டில் இருத்துவது அவமரியாதை. தங்கச்சி என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போனாள். விறகு சரியும் சத்தம் கேட்டது. சரிதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச் சகனில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பழைய சகனில் பையனுடைய உம்மா, சாச்சி, இன்னொருவர், துணைக்கு எங்கள் உம்மா. நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா வாசல் சாரியைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். கழுத்தைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார், அப்போதுதான் அது நேராகத் தெரிந்திருக்கும். இறைச்சிக் கறியை மட்டும் "உப்புக் காணும், போதும்" என்று ஒத்துக்கொண்டார். இனிப்பு வட்டிலாப்பத்துக்கு ஒரு தலையாட்டல். பிறகு தயிர் வந்தது.

சட்டியைத் தூக்கினார். "தம்பிலுவிலா?"

"ஓம் மாமி. ஆனா கவுக்காதீங்க..." என்றேன்.

கவிழ்த்துவிட்டார். தயிர் என்று சொல்ல முடியாத, பால் என்றும் சொல்ல முடியாத அது, ஒரே பாய்ச்சலில் இறங்கி நெய்ச்சோற்றை மூடி, நாலு பேருடைய எல்லைகளையும் உடைத்து, விளிம்பு தாண்டிப் பாயில் ஓடியது. சாச்சி காலைத் தூக்கிக்கொண்டார். தங்கச்சி அடுப்படி வாசலில் நிற்பது தெரிந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு வருடமாகக் கட்டிய வீட்டை நான் ஒரு சட்டித் தயிரில் கரைத்துவிட்டேன்.

அந்த அம்மா நனைந்த விரலால் சகனின் விளிம்பைத் துடைத்தார். அங்கே ஒரு நெளிவு இருந்தது, ஓடும்போது மதகில் மோதியது. அதைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, எங்கள் பெண்கள் கலியாண வீடுகளில் இழுக்கிற அதே ராகத்தில், கவி எடுத்தார்.

"சட்டியில உறையாத தயிரு மனே
சடாரெண்டு விழுந்திச்சுகா சகனுக்குள்ள
கட்டிவெச்ச சுவருமொரு சரிவு மனே
கதவில்லா ஊட்டுலயோ கலியாணம்?"

கவிக்குக் கவி சொல்லாமல் விட்டால் அது தோல்வி. எங்கள் உம்மா தயிர் வடிகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் தடுமாறாமல் எடுத்தார்.

"கதவில்லா ஊட்டுக்குக் காத்து வரும் மச்சி
காத்தோட மாப்பிளையுங் கூட வரும்
உதவாத தயிரெண்டு சொல்லாதகா
உறிஞ்சிக் குடிச்சாலும் பசி தீரும்!"

புதுச் சகன்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சோற்றில் கையை ஊன்றினார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துத் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"இங்க வா புள்ள. இது அண்டைக்கி ஓடியாந்த சகன்தானே?"

"ஓம் மாமி."

"உன்ட காக்கா உன்ன இழுத்துட்டு ஓடியாந்து காப்பாத்தினதா ஊரெல்லாம் கதைக்கிறார். மெய்தானா?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் அந்த அம்மாவிடமிருந்தே வந்தது.

"நான் பின்னால ஓடியாந்தவள், கண்ணால கண்டன். இந்தச் சகன் மதகில கொளுவிச்சு. இவன் அத உடுறானில்ல, நிண்டு இழுக்கிறான். இந்தப் புள்ளதான் இவன்ட சேட்டுக் கொலரப் புடிச்சு, ஆளையும் சகனையும் ஒண்டா இழுத்துட்டு ஓடின. ஆரு ஆரக் காப்பாத்தின?"

ஏழு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். உம்மாவும் பார்த்தார். தங்கச்சியிடம், "நீ ஏன் இத்தன நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க ஆசையாச் சொல்லிட்டிருந்தீங்க காக்கா, அதான்" என்றாள்.

அந்த அம்மா பாயிலிருந்து எழுந்தார். "தயிரும் உறையல்ல, கதவும் இல்ல, சுவரும் நேரில்ல. ஊட்ட எனக்குப் புடிக்கல்ல. புள்ளயப் புடிச்சிருக்கி. என்ட மகனும் ஆபத்தெண்டா நிண்டு தறியக் கட்டிப் புடிக்கிற சாதிதான். அவனையும் இப்பிடி ஒருத்தி கொலர்ல புடிச்சு இழுக்கோணும்." பிறகு என்னிடம், "எங்கட தறி செய்யிற தச்சன அனுப்புறன். நீ கட்டின சரிவுக்கு அவனுமொரு சரிஞ்ச கதவு செய்வான். நீ கிட்டப் போகாத, அது காணும்" என்றார்.

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அயல் வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கடல் வந்த பிறகு எங்கள் வீட்டில் குரவை கேட்டது அன்றைக்குத்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வந்த வழியெல்லாம் பொல்லடிக்காரர்கள் இரட்டைப் பொல்லுக் கம்புகளைத் தட்டி ஆடி வந்தார்கள். உற்சாகத்தில் நானும் உள்ளே நுழைந்தேன். மூன்றாவது சுற்றில் என் பெருவிரல் வீங்கியது. பாடுகிறவர் பாட்டை நிறுத்தாமலே கண்ணால் என்னை வெளியே அனுப்பினார். சரிந்த கதவு வந்து சேர்ந்து நிலையில் அப்படியே பொருந்தியது. ஆனால் சாத்தினால் நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். தங்கச்சி வீட்டுக்கு விருந்தாளி குறையாததற்கு அதுதான் காரணமென்று நான் சொல்லிக்கொள்கிறேன். சகனும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. தயிரை மச்சான்தான் கொண்டுவருவார், சைக்கிளை உருட்டிக்கொண்டு, நடந்து.

அடுத்த வருடம் என் முறை வந்தது. மாப்பிள்ளையாகப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றேன். வழக்கப்படி பெண்ணின் தம்பி, அவளை ராத்தா என்று கூப்பிடுகிறவன், செம்பில் தண்ணீரோடு வந்து என் காலைக் கழுவினான். கழுவி முடித்தும் காலை விடவில்லை. நிமிர்ந்து, ஊரார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"மச்சான், எங்கட ஊட்ட ரெண்டு சகன் இரிக்கி. கடல் வந்தா நீங்க ஒண்டையும் தூக்க வேணாம். ராத்தாட கையப் புடிச்சுக்கங்க, அவ இழுத்துட்டு ஓடுவா."