அஃப்ரியே நீட்டிய மைக்

என் மருமகள் அஃப்ரியே எங்கள் ஊர் வானொலியில் செய்தியாளர். காலையில் அவள் குரல் கேட்டதும் சந்தையே ரேடியோ சத்தத்தைக் கூட்டும். மாவட்டத் தலைவர் ஒஃபோசு மட்டும் பெட்டியை அணைப்பார். அவர் ரிப்பன் வெட்டித் திறந்த பிரசவ ஆஸ்பத்திரியை அன்று மாலையே பூட்டிவிட்டார்கள். "எப்ப திறப்பீங்க?" என்று மூன்று மாதமாக, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மைக்கோடு அவர் பின்னால் போனாள். அவர் காரில் ஏறிவிடுவார்.

கடைசியில் அவளுக்கே வலி வந்தது. அந்தப் பூட்டுக்கு எதிரே, என் டாக்ஸியின் பின் சீட்டில் என் பேத்தி பிறந்தாள். மூன்றரைக் கிலோ. ஏறிய சவாரிக்கெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் பெயர் வைப்பு. எங்கள் வழக்கப்படி, அன்று குழந்தை நாக்கில் தண்ணீரும் ஜின் சாராயமும் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும். தேர்தல் நெருங்குகிறது, போட்டோ வேண்டும். தானே வைப்பதாகத் தலைவர் சொல்லியனுப்பினார். அந்த வாரம் யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த நான் இதற்கும் சரி என்றுவிட்டேன்.

"ஏன் மாமா, அந்தாளு குணம் எம்பொண்ணுக்கு வரணுமா?"

"வாய் தவறிடுச்சும்மா. வேணாம்னு சொல்லிடவா?"

கொஞ்சம் யோசித்தாள். "வரட்டும். என் மைக்க மட்டும் எடுத்துட்டு வாங்க."

விடிகாலையில் முற்றம் நிறைந்துவிட்டது. தலைவர் விரலை நனைத்துக் குழந்தை நாக்கில் வைத்து, பிள்ளை உண்மை பேச வேண்டும் என்கிற சடங்கு வாக்கைச் சொன்னார். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு. ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு."

விரல் நாக்கில் இருக்கும்போதே அஃப்ரியே மைக்கை நீட்டினாள். காலைச் செய்தி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரி திறந்திருக்கா தலைவரே, பூட்டியிருக்கா?"

என் தங்கை செர்வா சொன்னாள்: "பாத்துச் சொல்லுங்க. இப்ப பொய் சொன்னா புள்ள பொய்க்காரி ஆயிரும். நாளைக்கு அவளக் கட்டிக்குடுக்கணும்."

தலைவர் தன் காரைப் பார்த்தார். குறுக்கே என் டாக்ஸி நின்றது. வேண்டுமென்று நிறுத்தவில்லை, நான் நிறுத்தும் லட்சணமே அதுதான்.

"பூட்டித்தான் இருக்கு," என்றார். "நர்ஸ் போடல."

"எப்ப போடுவீங்க?"

பேத்தி விரலைச் சப்ப ஆரம்பித்தாள். விடவில்லை.

"திங்கக்கிழம."

திங்கட்கிழமை இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே மூன்று பிள்ளைகள் பிறந்தன. அஃப்ரியே வீட்டிலிருந்தே போனில் செய்தி வாசித்தாள். நடுவில் என் பேத்தி அழுதாள். அதையும் மாவட்டமே கேட்டது.