ஜிம்மியைத் திருப்பித் தராத கனகு அண்ணன்

கனகு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வாட்சப்பில் வந்தபோது நான் ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை பாடாங் திடல் புல்லில் நாய்களோடு கூடும் நம் குழுவில் அதற்குள் இருபது பேர் கைகூப்பிவிட்டார்கள். நல்ல மனிதராம், வாயில்லா ஜீவன்களின் தெய்வமாம். எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். அப்படியானால் என் ஜிம்மி?

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்களிடம் முன்பே சொல்லிவிட்டேன், பொய் எழுத மாட்டேன் என்று. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது மட்டும் அவர் யாரையாவது வாய் திறக்க விட்டாரா?

ஜிம்மி பார்டர் கோலி இனம். குளிர் மலைகளில் ஆடு மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய நாய். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன எங்கள் தொழிற்சாலை மேலாளர் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் இருக்கும் சுங்கை பினாங்கில் ஆட்டுக்கு எங்கே போவது? அது மோட்டார் சைக்கிள்களை மேய்த்தது. தெருவில் வரும் மோட்டாரையெல்லாம் குனிந்தபடி முறைத்துப் பார்த்துச் சுற்றி வளைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். வேறு வழியில்லாமல் கனகு அண்ணனிடம் போனேன்.

அவர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. நாய் விஷயத்தில் பினாங்கிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எந்த ஊரு?"

"நிபோங் திபால் பக்கம், ரப்பர் தோட்டம்ணே."

"அதான பாத்தேன். நாய அவுத்து விட்டு மிச்சம் மீதி போட்டு வளத்த ஆளுங்க. இது அப்படி இல்லலா. இது வேலைக்காரன். நீ வேலை குடுக்கலேன்னா அவனே ஒரு வேலையத் தேடிக்குவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதர் ஒரே மாதத்தில் ஜிம்மியை வழிக்குக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு விரலை வாயில் வைத்துக் குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று விசிலடிப்பார். எந்த ஓட்டத்தில் இருந்தாலும் ஜிம்மி அப்படியே தரையில் படுத்துவிடும். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். "உனக்கு வராது, விடு" என்றார்.

தப்பு என் பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. அந்த வருடம் தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடனாக மொட்டை போட்டுக்கொண்டேன். அந்த வெயிலிலும் தலைக்கு என்ன சுகம்! நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஜிம்மியைப் பார்த்தேன். பாவம், அதற்கும் கொஞ்சம் குளிரட்டுமே என்று நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்குக் கூட்டிப்போய் முடியை ஒட்ட மழித்துவிட்டேன். ஒரே வாரத்தில் முதுகுத் தோல் சிவந்து உரிந்தது. அந்த இனத்துக்கு இரண்டு அடுக்கு முடி, வெயிலைத் தடுப்பதும் அதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கனகு அண்ணன் சொன்னார், பாடாங்கில் உங்கள் எல்லார் முன்னாலும்.

"உன் தலையில முடி இல்லேன்னா அதுக்கும் இருக்கக் கூடாதா? உனக்கெல்லாம் எதுக்கு நாய்? பொம்மை வாங்கி வச்சிக்கலா!"

நீங்கள் சிரித்தீர்கள். அவர் என் கையிலிருந்த ஜிம்மியின் வாரைப் பிடுங்கிக்கொண்டார். "முடி வளர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

இரண்டு வருடம். மாதம் தவறாமல் போய் வாசலில் நிற்பேன். ஜிம்மியின் முதுகைக் கோதிப் பார்த்துவிட்டு, "மேல்முடி வந்துடுச்சு, உள்முடி இன்னும் வரல" என்பார். போகிறவளை விடாமல் ஒரு பாடமும் நடத்துவார். "நடக்கக் கூட்டிப்போறதுக்கு முன்னாடி ரோட்டுல கைய வச்சிப் பாரு. உனக்குச் சுட்டா அவனுக்கும் சுடும்." நாயை வைத்துக்கொண்டு, நாயை எப்படி வளர்ப்பது என்று எனக்கு உபதேசம்! வயிறெரிந்து திரும்புவேன்.

சாவு வீட்டுக்கு நான் அவருக்காகப் போகவில்லை, ஜிம்மிக்காகப் போனேன். வந்தவர்களையெல்லாம் அது கூடத்துக்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. சிகரெட் பிடிக்க வெளியே நழுவியவரைக் குதிகாலில் முட்டித் திருப்பிக் கொண்டுவந்தது. பெட்டியைத் தூக்கியபோதுதான் தாங்க முடியவில்லை. தூக்கியவர்களின் காலுக்கடியில் ஓடி ஓடி, அவர்களை வீட்டுக்குள் திருப்பப் பார்த்தது. நான்தான் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினேன். என் கையை அது நக்கக்கூட இல்லை.

மறுவாரம் அவர் மனைவி ராஜம் அக்கா வாரையும் சீப்பையும் என்னிடம் கொடுத்தார்.

"உள்முடி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுமா. அவருக்குத்தான் விட மனசு வரல. நீ வர்ற நாள்ல காலையிலேர்ந்தே சிடுசிடுன்னு இருப்பாரு."

திருட்டு மனிதர்! அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் வார் கைநழுவிவிட்டது. எதிரே ஒரு மோட்டார். ஜிம்மி பாய்ந்து பெரிய ரோட்டை நோக்கி ஓடியது. "ஜிம்மி! ஜிம்மி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காது கொடுக்கவில்லை. அங்கே லாரி வந்துகொண்டிருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு விரலை வாயில் வைத்தேன். எனக்கு வராது என்று அவர் சொன்ன விசில். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று.

ரோட்டோரத்தில் அப்படியே படுத்துவிட்டது. லாரி போய்விட்டது.

அவரை நான் மன்னிக்கவில்லை. சுடச்சுடச் சொன்ன அந்த வார்த்தைகளையும், பறித்த இரண்டு வருடத்தையும் மறக்கப்போவதும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விசில்தான். அதையும் அவராகக் கொடுக்கவில்லை.

மூச்சு வாங்க ஓடிப்போய் வாரைப் பிடித்தேன். ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. என்னை அல்ல, எனக்குப் பின்னால் யாரையோ தேடியது. நானும் திரும்பிப் பார்த்தேன்.