ஊட்டிக்குப் போனவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்

இந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலை, ஒரு பூட்டிய வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள யாருமில்ல" என்று நான் பொய் சொன்னேன். பூட்டியது நான்தான். சாவி என் ஹேண்ட்பேக்கில். உள்ளே இருந்தது என் தம்பி குடும்பம்!

சொத்துத் தகராறோ என்று பதறாதீர்கள். எல்லாம் லீவுத் தகராறு.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பண்டிகை இல்லை, லீவு. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பக்கத்துத் தெருவில் ஸ்டார் தொங்கும். பேக்கரியில் ப்ளம் கேக் வந்துவிடும். நாமும் ஒன்று வாங்கி வெட்டுவோம்... வெட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் டிவியைப் போடுவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

இந்த வருடம் அந்த லீவோடு இன்னொரு லீவும் சேர்ந்துகொண்டது. என் தம்பி குமரேசன் மஸ்கட்டில் ஏசி வேலை பார்க்கிறான். அவனுடைய மேனேஜர் கிறிஸ்துமஸ் கொண்டாடத் தன் ஊருக்குப் போனதால் சைட்டை மூடிவிட்டார்கள். இவனுக்கும் கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. ரொம்ப நாள் கழித்து வருகிறான். அவன் மனைவி செல்வியும், நான்காவது படிக்கும் மகள் யாழினியும் திருவரங்குளம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறார்கள். அப்பா அம்மா இல்லை. ஆகவே, புதுக்கோட்டை டவுனில் இருக்கும் அக்காவாகிய நான்தான் அந்தக் குடும்பத்துக்கு சுப்ரீம் கோர்ட்.

கோர்ட்டுக்கு ஒரு மாதம் முன்பே கேஸ் வந்துவிட்டது.

"அண்ணி, இந்தத் தடவையாச்சும் ஊட்டிக்குப் போவோம்னு அவுககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாக." இது செல்வி.

அவள் போனை வைத்த கையோடு தம்பி.

"அக்கா, வருசம் பூரா நா வெளியூர்லதான கெடக்கேன்? லீவுக்கும் லாட்ஜுல போயித்தான் படுக்கணுமா? என் வீட்டுல, என் கட்டில்ல நாலு நாளைக்கு நல்லாத் தூங்கணும். அம்புட்டுத்தான். அவகிட்ட நீ சொல்லு."

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அவனுக்கு மஸ்கட் வேலை பார்க்கிற இடம். வீட்டுக்கு வந்தால்தான் லீவு. அவளுக்கோ அந்த வீடுதான் வேலை பார்க்கிற இடம். 'வருசம் முழுக்க உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்து லீவைக் கொண்டாடு' என்று ஆபீஸில் உங்களிடம் சொன்னால் சும்மா இருப்பீர்களா? ஆனால் இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான் — தம்பி வருகிறான்!

தீர்ப்பு சொன்னேன். "ஊட்டி எங்கயும் ஓடிப் போயிறாது. இந்தத் தடவ எல்லாரும் வீட்டுல ஒண்ணா இருப்போம். நாங்களும் நாலு நா வந்து தங்குறோம்."

செல்வியிடமிருந்து வந்தது ஒரே வார்த்தை: "சரிங்கண்ணி." நாத்தனார்களாக இருப்பவர்களுக்கு இந்த 'சரிங்கண்ணி' எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தம்பி வந்து இறங்கிய மறுநாள் போனேன். வாசல் நிறையச் செருப்பு. விசேஷ வீடு மாதிரி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்துவிட்டால் சொந்தபந்தம் எல்லாம் ஒரு தடவை வந்து அவனைப் பார்க்க வேண்டும். பிறகு அவன் எல்லார் வீட்டுக்கும் போய்த் தலையைக் காட்ட வேண்டும். வராவிட்டால் இவனுக்கு வருத்தம், போகாவிட்டால் அவர்களுக்கு வருத்தம். தம்பி வாயில் பிரஷோடு நின்றுகொண்டிருந்தான். வாய் கொப்பளிக்க விடாமல் ஒருவர், "என்னப்பா, இப்டி எளச்சுட்ட?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், "நல்லா சதை போட்டுட்டியேப்பா" என்றார். அவன் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

நேராக அடுப்படிக்குப் போனேன். செல்வி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னொரு டம்ளரை எடுத்து வைத்தாள்.

"என்ன செல்வி, வீடே கலகலன்னு இருக்கு?"

"ஆமாண்ணி. இவுக வீட்டுல இருந்தா ஊரே வீட்டுல இருக்கும்." டீயை டம்ளர்களில் ஊற்றினாள். "வந்து எறங்குனதுலேருந்து எங்கிட்ட என்ன பேசுனாக தெரியுமா? 'இன்னும் நாலு டீ போடு.' அங்கிட்டு இருக்கப்பவாச்சும் தெனம் போன்ல பேசிக்கிட்டு இருந்தோம்ண்ணி. இங்கிட்டு வந்ததும் அதுவும் போச்சு. எனக்கென்ன ஊட்டியில பூ பாக்கணும்னா ஆசை? அங்க போனா இவுகளத் தேடி யாரும் வரமாட்டாகள்ல..."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான்கு நாள் தங்குவதற்காகக் கொண்டுவந்த என் பெட்டி காரின் டிக்கியில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

சரி, ஊட்டிக்கே அனுப்பிவிடலாம் என்று நானும் தம்பியும் போனை எடுத்தோம். கிறிஸ்துமஸ் லீவில் ஊட்டியில் ரூமா? கொடைக்கானலா? மூணாறா? கேட்ட இடத்தில் எல்லாம் சிரிக்காத குறை. தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் செல்விகள் ஜெயித்துவிட்டார்கள் போலிருக்கிறது, எங்கள் வீட்டைத் தவிர.

கடைசி ஆளும் கிளம்பிய பிறகு, டம்ளர்களைக் கழுவிக்கொண்டே செல்வி விளையாட்டாகச் சொன்னாள். "ஊட்டிக்குப் போறோம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, வீட்டப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருந்தா என்ன?"

நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பிக் கொல்லைப்பக்கத்துக் கதவைப் பார்த்தான்.

"அக்கா, நீ வாசல்ல பூட்டுனா... நாங்க இப்டிப் பின்னாடி வந்துறலாம்ல?"

மறுநாள் டீக்கடையில் ஒரே ஒருவரிடம் சொன்னான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா, "குளிரு காதுல ஏறும்ப்பா" என்று ஒரு கம்பளிக் குல்லாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பாவம், அதை வாங்கிக்கொள்ளும்போது தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் விடியற்காலை. மார்கழிப் பனி. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. ஊர் பாதி கோயிலில், பாதி போர்வைக்குள். மூன்று பேரும் பேக்கோடு தெருமுனை வரைக்கும் போனார்கள். நான் வாசல் கதவைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஊட்டி வந்துவிட்டது!

அதன் பிறகு நடந்ததை எல்லாம் செல்வி குசுகுசுவென்று போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அண்ணி, இவுக சமைக்கிறாக!"

மஸ்கட் ரூமில் முறை வைத்துச் சமையலாம். தம்பியின் முறை வருகிற அன்று ஒருத்தரும் வெளியே சாப்பிடப் போக மாட்டார்களாம். கூடப் பிறந்த எனக்கே இது தெரியாது. எப்படித் தெரியும்? ஊருக்கு வந்தால் அவனைச் சுற்றித்தான் ஆள் இருக்குமே. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று அடுப்படிப் பக்கமே போக மாட்டான். இப்போது பூட்டிய வீடு. பார்க்க யார் இருக்கிறார்கள்? செல்வியை நாற்காலியில் உட்காரவைத்து, டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறான். எதிர்வீட்டுக் குல்லாவை யாழினி போட்டுக்கொண்டு, "ஐயோ குளிருது" என்று வீட்டுக்குள் நடந்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பையில் ஒரு கேக், கட்டுமாவடியிலிருந்து வந்த மீன் கொஞ்சம். மீனைப் பொரித்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும், குழம்பு வை என்று சொல்லிக் கொல்லை வழியாகக் கொடுத்துவிட்டு முன்பக்கம் வந்தேன்.

வாசலில் சிதம்பரம் மாமா!

குன்றாண்டார்கோவிலில் இருக்கிறார். அம்மாவின் தம்பி. ஊட்டிச் செய்தி அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை. கையில் ஒரு பை நிறைய நாட்டுக்கோழி முட்டை. பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மாமா. தம்பி ஊட்டிக்குப் போயிருக்கான். உள்ள யாருமில்ல."

"அப்டியா?" என்று போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தார். வீட்டுக்குள் மணி அடித்தது.

"உள்ள அடிக்குதேம்மா?"

"அது... போன மறந்து வச்சுட்டுப் போயிட்டான் மாமா."

மாமா தலையாட்டினார். நானும் மூச்சு விட்டேன். அப்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது.

மாமா என்னைப் பார்த்தார். "இது யாரு மறந்து வச்சுட்டுப் போனது?"

எத்தனை வாரமாக இந்தப் பத்தியில் உங்களுக்கு எழுதுகிறேன்... ஒரு வார்த்தை வரவேண்டுமே! இரண்டாவது விசிலும் வந்தது. மாமா கோபித்துக்கொண்டு போய்விடுவார், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்றே நினைத்தேன். அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் சிங்கப்பூர்லேருந்து லீவுக்கு வருவேன்ல... வந்த அன்னைக்கிலேருந்து போற அன்னைக்கி வரைக்கும் வீட்டுல கூட்டந்தான். ஒங்க அத்தை மொகத்த நா ஏர்போர்ட்லதான் ஒழுங்காப் பாப்பேன். எனக்கு இந்த ரோசன தோணலையே தாயி..."

அத்தை போய்ச் சில வருடம் ஆகிறது.

மாமா முட்டைப் பையை என் கையில் கொடுத்தார். "இத ஊட்டிக்கு அனுப்பிரு. வாரப்ப அந்த ஊரு வர்க்கி பிஸ்கட்டு வாங்கிட்டு வரச் சொல்லு." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் செல்வி சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்க சந்தோஷமாக இருந்தது. நான் வெளியே நிற்கிறேனே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. தம்பியோடு கேக் வெட்ட எனக்கு மட்டும் ஆசை இல்லையா? முட்டையைக் கொல்லையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன்.

வர்க்கி? புதுக்கோட்டை பேக்கரியில் வாங்கினேன். தம்பி 'திரும்பி வந்து' எல்லார் வீட்டுக்கும் தலையைக் காட்டப் போனபோது, எதிர்வீட்டில் குல்லாவைத் திருப்பிக் கொடுத்தான், எல்லா வீட்டிலும் வர்க்கியைக் கொடுத்தான். சிதம்பரம் மாமா நாலு பேர் முன்னால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் ஊட்டித் தண்ணியில செஞ்சதுல்ல!" என்றாராம்.

தம்பியை மஸ்கட்டுக்கு வழியனுப்பத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். முந்தைய தடவைகளில் எல்லாம் செல்வி அங்கே கை காட்டிவிட்டு, களைத்துப்போய்த் திரும்பி வருகிற வழியிலேயே தூங்கிவிடுவாள். இந்தத் தடவை அழுதாள். அவனும் அழுதான். ஒருவரை ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால்தானே பிரிவதற்கு அழுகை வரும்?

நேற்று என் வீட்டுக்காரர் கேட்டார், "மே மாச லீவுக்கு நாம எங்க போறோம்?" ஆகவே சொந்தபந்தங்களுக்கும் வாசகர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: அப்போது எங்கள் வீட்டில் பூட்டு தொங்கினால் நாங்கள் ஊரில் இல்லை.

குக்கர் விசில் கேட்டாலும், ஊரில் இல்லை.