காற்றுவழியில் மாட்டிய பெட்டி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாகச் சேர்ந்து, மேஸ்திரியாகி அறுபது பேரை வேலை வாங்கியவன். என்னைப் போல் உழைத்தவன் தென்காசியில் யார் என்று இன்றும் கேட்பேன்.

ஒருமுறை அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள், நாங்கள் மூச்சில் இழுக்கும் தூசியை அளக்க ஆளுக்கொரு சிறு பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். அது வேலைக்கு இடைஞ்சல். "கழத்துங்கலே" என்று எல்லாவற்றையும் வாங்கி, வெளிக்காற்று வரும் வழியில் ஆணியடித்து மாட்டினேன். மாலையில் திருப்பிக் கொடுத்தோம். தூசி குறைவு என்று அறிக்கை வந்தது. என் சாமர்த்தியத்தை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தேன்.

போன மாதம் குற்றாலத்தில், அன்று என்னிடம் வேலை பார்த்த பண்பொழி மாடசாமியைப் பார்த்தேன். பத்துப் படி ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தான்.

"நெஞ்சுல கரித்தூசின்னு டாக்டர் சொல்லுதாரு அண்ணாச்சி. சுரங்கத்துல வந்த நோய்னு கம்பெனி ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாத்தான் வைத்தியச் செலவு கிடைக்குமாம். அங்கன தூசியே இல்லன்னு அந்த அறிக்கையக் காட்டுதாங்க."

"பெட்டிய மாட்டுனது நாந்தானலே."

"மறப்பனா? நீங்க சொன்னா சாமி சொன்ன மாதிரில்லா கேட்டோம்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏற்பார்களா, தெரியவில்லை.

அந்தப் பெட்டிக் கதையை இப்போதும் கேட்கிறார்கள். சொல்லிச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை.