நடுச் சீட்டு மலையும் ஃபுட்போர்ட் மலையும்

இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியாவில், சில காலைகளில் வானத்திலிருந்து கறுப்பு மணல் கொட்டும். நகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எட்னா எரிமலை ஊதிவிடுகிற மணல் அது. காயப்போட்ட சட்டை, நிறுத்திவைத்த கார், பல்கனிப் பூச்சட்டி எல்லாவற்றிலும் படியும். சனங்களோ குடையை விரித்துக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறார்கள். நான் பார்த்துக்கொள்கிற பெரியவர் தூரி, சக்கர நாற்காலியில் இருந்தபடி மலையை ஒரு பார்வை பார்த்து, "அவளுக்கு இன்றைக்குத் தடிமன், தும்முகிறாள்" என்பார். சிசிலிக்காரர்களுக்கு அந்த மலை 'அவள்'. கோபமும் செல்லமுமாகத்தான் அவளைப் பற்றிப் பேசுவார்கள். நான் தும்புத்தடியை எடுத்துப் பல்கனியைக் கூட்டத் தொடங்குவேன்.

வந்த புதிதில் இந்தத் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. ஒரு நாள் பகலில் மலை உறுமியது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. இலங்கையில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு மலை சத்தம் போட்டால் ஒன்றுதான் தெரியும்: ஓட்டம். மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீட்டு வாசலுக்குப் பின்னாலும் ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஒரு போர்வை, பிஸ்கட் பக்கெட். மீரியபெத்தையில் மண் சரிந்து ஒரு குடியிருப்பையே மூடிய பிறகு அது வழக்கமாகிவிட்டது. மழை விடாமல் பெய்தால் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுவோம். அதே புத்தியில் என் பாஸ்போர்ட்டையும் தூரியின் மருந்துகளையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு, அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கத் தேவாலயத்துக்கு ஓடினேன். வழி நெடுக அவர், "இன்று ஞாயிறா?" என்று கேட்டார். உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள், நான் ஞானஸ்நானம் கேட்டு வந்திருப்பதாக நினைத்து எழுந்து வந்து கன்னத்தில் முத்தமிட்டார்கள். "மலை, மலை" என்றேன். "ஆமாம், அழகான மலை" என்றாள் ஒருத்தி. தூரிக்கு விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பில் பல்செட் மடியில் விழுந்தது.

அதெல்லாம் பழைய கதை; பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல். ஊரில் இருந்த என் மனைவி மலருக்கு விசா கிடைத்திருந்தது. கல்யாணம் கட்டி ஒரு மழைக்காலங்கூட ஒன்றாய் இருக்கவில்லை. போனிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். டிக்கட் போடுகிற நேரத்தில் என் மாமனார் ஃபேஸ்புக்கில் எட்னா நெருப்புக் கக்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். "எரியிற மலைக்குக் கீழ எம்புள்ளய அனுப்ப மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். "அப்பா மனசு வைக்காம நா வரமாட்டேங்க" என்றாள் மலர். அவர் சம்மதிக்காவிட்டால் விசாக் காலம் தீர்ந்துபோகும். நாங்கள் மறுபடியும் போன் குடும்பந்தான்.

ஒரு ஞாயிறு காலை வீடியோவில் அவரைப் பிடித்தேன். அங்கே பகல் வெயில். லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை பச்சையாய் நின்றது.

"மாப்ள, எனக்கு ஒன்னு சொல்லுங்க. நம்ம ஊர்ல இம்புட்டு மலை இருக்கு. ஒன்னாவது எரியுதா? அங்க மட்டும் ஏன் எரியுது?"

நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். மிச்சமெல்லாம் போனில் பார்த்தும் தூரியின் கதைகளைக் கேட்டும் பொறுக்கியது. சொன்னேன்: "மாமா, பூமியோட மேலோடு ஒரே துண்டு இல்ல. பெரிய பெரிய பாளமா இருக்கு, நகம் வளர்ற வேகத்துல நகருது. மொனராகலை பஸ்ஸ நெனச்சுப் பாருங்க. நடுச் சீட்டுல இருக்கவரு தூங்கிட்டே போவாரு. ஃபுட்போர்ட்ல தொங்குறவனுக்குத்தான் உரசலும் இடியும். நம்ம நாடு ஒரு பாளத்தோட நடுச் சீட்டுல இருக்கு. சிசிலி ஃபுட்போர்ட்ல. ஆப்பிரிக்கப் பக்கமும் ஐரோப்பாப் பக்கமும் நெருக்குற எடம். அப்படி ஓரத்துலதான் பாறை உருகி மேல வர்றதுக்கு வழி கெடைக்குது."

"அப்ப எம்மகள ஃபுட்போர்ட்ல தொங்கச் சொல்றீங்களா?"

பின்னாலிருந்து மலர் சிரிப்பது கேட்டது. என் உதாரணமே என்னைக் கீழே தள்ளிவிட்டது. மாமனார் விடவில்லை.

"நம்ம நாட்டுக் கன்னியாவுல வெந்நி ஊத்து இருக்கே? அப்ப நமக்குக் கீழயும் நெருப்புத்தான?"

"அது மழைத்தண்ணி மாமா. பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்குப் போயி, சூடாகி, திரும்ப வருது. ஆழத்துல எங்கயும் சூடுதான். ஆனா கொழம்பு மாதிரி எல்லா எடத்துலயும் கொதிக்கல. கெட்டிப் பாறையாத்தான் இருக்கு. ஓரத்துலதான் பெரும்பாலும் உருகும். அங்கொன்னு இங்கொன்னு பாளத்துக்கு நடுவுலயும் பொத்துக்கிட்டு வர்றது உண்டு. நம்ம பக்கம் அப்படி எதுவும் இல்ல. நம்ம பாறை ரொம்பப் பழசு, ஆறிப்போனது."

இதற்குள் தூரி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து போனுக்குள் தலையை நுழைத்தார். அந்தப் பச்சை மலையைப் பார்த்து, "அழகாக இருக்கிறாளே! இவள் எப்போது வெடிப்பாள்?" என்றார். வெடிக்க மாட்டாள், உள்ளே நெருப்பில்லை, ஆனால் பெருமழையில் மேலே இருக்கிற மண் தண்ணீரைக் குடித்து அப்படியே வீடுகள்மேல் சரியும் என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் முகம் மாறியது. "முன்னால் புகை வருமா?" இல்லை. "நெருப்பு?" இல்லை. "பின்னே எப்படித் தெரியும்?" நிலம் வெடிப்பு விடும், ஊற்றுத்தண்ணீர் கலங்கும், மழை எச்சரிக்கை வரும்; பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்றேன். தூரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "அந்த மனிதரை உடனே இங்கே வரச் சொல். எங்கள் வீட்டில் சோபா காலியாக இருக்கிறது!"

மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமனார் தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"ஏம் மாப்ள, அந்தப் பெரியவரு தலைக்கு மேல நெருப்ப வச்சுக்கிட்டு எனக்காகப் பயப்படுறாரா?"

"ஆமாங்க மாமா. நெசமாத்தான் பயப்படுறாரு."

அவர் திரும்பிப் பின்னாலிருந்த மலையைப் பார்த்தார். பார்த்தபடியே மகளைக் கூப்பிட்டார். "மலரு, மழை பேஞ்சா ஒன்னயத் தூக்கிட்டு ஓடியே வளத்தேன். பயமில்லாத எடத்துக்கு அனுப்பணும்னு பாத்தா நா எங்கிட்டு அனுப்புறது? புருசங்கிட்டப் போய் இரு. பெட்டியக் கட்டும்மா." பிறகு என்னிடம், "மாப்ள, ஃபுட்போர்ட்ல ஏறுறா. கையக் கெட்டியாப் புடிச்சிக்கங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூரி அதைப் பார்த்து, சோபா வேண்டாமென்று சொல்லிவிட்டார்களோ என்று வருத்தப்பட்டார்.

மலர் வந்து சேர்ந்துவிட்டாள். தூரிக்குத் தேங்காய்ச் சம்பல் பழக்கிவிட்டாள்; காரத்தில் கண்ணில் நீர் வழிய அவர் இன்னும் கேட்கிறார். போன வாரம் சமைத்துக்கொண்டிருந்தபோது எட்னா நன்றாகவே உறுமினாள். மலருக்கு இது முதல் தடவை. பயந்து என்னிடம் ஓடி வருவாள், நானும் பெரிய ஆள் மாதிரி தைரியம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நடுங்குகிற ஜன்னல் கண்ணாடியில் ஒரு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தபடி, மறுகையில் போனோடு, எட்னாவையே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அப்பா, அங்க மழையா?"